ஒயின் ஸ்டாப்பிங்

12 மார்ச் 1973

உணவுப் பதனிடும் தொழிலில் டிப்ளமோ வாங்கிவிட்டு ஒரு வருஷமாக ஊரில் சும்மா திரிந்தவனுக்கு வேலை கிடைத்துவிட்டது. அதுவும் இதே கீழக்கொல்லையில், எங்கள் தெருவிலிருந்து கூப்பிடு தூரத்தில். பஞ்சாயத்துத் தலைவர் உத்திராபதி முந்திரிப்பழத்தில் ஒயின் தயாரிக்கப் போகிறார். ரோட்டோரம் இருந்த அவருடைய மாட்டுக்கொட்டகைக்கு வெள்ளையடித்தாயிற்று. மாடுகள் எங்கே போயின தெரியவில்லை. வாசனை போகவில்லை.

லைசென்ஸ் வாங்கிவிட்டார். ஒயின் என்றால் என்ன என்று மட்டும் இன்னும் விசாரிக்கவில்லை.

"சாராயத்துக்குச் சட்டை மாட்டிவிட்டா ஒயின். அவ்வளவுதானே தம்பி?"

இல்லை என்றேன். காய்ச்சி வடிப்பது வேறு, பழச்சாற்றைப் புளிக்க வைப்பது வேறு என்று விளக்க ஆரம்பித்தேன். பாதியில் கொட்டாவி விட்டார். "நீ செய்யி. நான் விக்கிறேன்."

எங்கள் குடும்பத்தில் அவருக்கு எதிரில் நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் நான். உட்காரச் சொல்லவில்லை. நானே உட்கார்ந்தேன்.

18 மார்ச்

பழம் வாங்க அக்காவிடம் போனேன். மலர்க்கொடி அக்கா தலைவருடைய முந்திரிக்காட்டில்தான் பொறுக்குகிறாள். எங்கள் பக்கத்து வழக்கம் இது: கொட்டை காட்டுக்காரருக்கு, பழம் பொறுக்குகிறவளுக்கு. பொறுக்கக் கூலி உண்டு. பழத்திலிருந்து கொட்டையைத் திருகி எடுக்கத் தனிக் கூலி கிடையாது, பழம்தான் அதற்குக் கூலி. கொஞ்சம் ஆட்டுக்கு, கொஞ்சம் ரோட்டோரம் கூறு கட்டி விற்க, மிச்சம் ஈக்கு.

இனிமேல் கொட்டகையில் விலைக்கு எடுத்துக்கொள்வோம், அன்றன்றைக்கே வேண்டும், நசுங்கினது கூடாது என்றேன். கூட இருந்த பஞ்சவர்ணம் அத்தை கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள். "அழுவிப்போற பழத்துக்கு அழகு பாக்க வந்துட்டாரு மாப்பிள்ளை."

23 ஏப்ரல்

சாறு தொண்டையைக் கரகரவென்று அறுக்கிறது. துவர்ப்பை இறக்க ஜெலட்டின் கேட்டேன். அது எலும்பிலிருந்து வருவது என்று தெரிந்ததும் தலைவர் காதைப் பொத்திக்கொண்டார். செவ்வாய், வெள்ளி விரதமாம். மற்ற நாட்களில் முழு ஆட்டையும் எலும்போடு தின்கிறாரே? கேட்டுவிட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

அரிசிக் கஞ்சியை ஊற்றித் தெளிய வைத்தேன். கசடு அடியில் உட்கார்ந்தது. இதுவும் படித்ததுதான். ஆனால் ஊரில் என்ன பேச்சு? "படிச்சுட்டு வந்து கஞ்சி ஊத்துறான்."

10 ஜூன்

விற்பனை ஆரம்பம். ஒயின் சுமார்தான். மறைக்க ஒன்றுமில்லை, நான் செய்ததுதான். மிதமான இனிப்பு, லேசான துவர்ப்பு, தலைவலி வராது. தலைவர் ஒரு மடக்கு குடித்துவிட்டு, "ஏறவே மாட்டேங்குதே" என்றார்.

ஏறாததுதான் அதன் பலம் என்று அவருக்கு ஒரு வாரத்தில் புரிந்துவிடும். சாராயக்கடைப் பக்கம் தலை காட்டக் கூச்சப்படுகிறவர்களுக்கென்றே இது கண்டுபிடிக்கப்பட்டது போல இருக்கிறது.

2 ஜூலை

புரிந்துவிட்டது. நேற்று ஞாயிற்றுக்கிழமை. நெய்வேலியிலிருந்து கார், திருச்சியிலிருந்து கார். கங்கைகொண்டசோழபுரம் கோயிலைப் பார்க்க வந்தவர்கள் கோயிலைக் கால் மணி நேரம் பார்த்துவிட்டு இங்கே அரை நாள் இருக்கிறார்கள். ஒரு வாத்தியார் டம்ளரை மூக்கடியில் வைத்து, கண்ணை மூடி, "மண் வாசனை" என்றார். அது மாட்டு வாசனை சார் என்றேன். தலைவரின் மேனேஜர் அரியமுத்து என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

அரியமுத்து முன்பு நாடகத்துக்கு வசனம் எழுதியவர். எந்தக் கணக்கையும் உரக்கத்தான் சொல்வார்.

19 ஆகஸ்ட்

போர்டு வைத்திருக்கிறார்கள். நீல எழுத்தில்: 'சோழப் பேரரசர் கங்கை வென்று திரும்புகையில் அருந்திய முந்திரிப்பழ ரசம் - கீழக்கொல்லை ஒயின்.'

நான் நேரே போனேன். முந்திரி மரமே போர்ச்சுகல்காரன் கப்பலில் கொண்டு வந்தது, அந்த ராஜா செத்து ஐந்நூறு வருஷம் கழித்து வந்தது என்றேன்.

அரியமுத்து யோசித்தார். "அப்ப, வென்று திரும்புகையில்ங்கிறத எடுத்துட்டா சரியாயிடுமா?"

"சார், மரமே இல்ல."

"ஒனக்கு எப்படித் தெரியும்? நீ அப்ப இருந்தியா?"

"நீங்க இருந்தீங்களா?"

தலைவர் நடுவில் வந்தார். "தம்பி, நீ ஜாடியப் பாரு. ராஜாவ அவரு பாத்துக்குவாரு."

11 நவம்பர்

ஊர் அடையாளம் தெரியவில்லை. டீக்கடை 'சோழா கபே' ஆகிவிட்டது. அதே பெஞ்சு, அதே வடை. ரைஸ்மில் மாடியில் கட்டில் போட்டு லாட்ஜ். சைக்கிள் கடைக்காரன் கார்களுக்குக் காவல் இருக்கிறான், யார் கேட்டார்கள் தெரியாது. வெள்ளாமை பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் விருந்தாளி பற்றிப் பேசுகிறார்கள். மல்லாட்டைக் கடலை பிடுங்க ஆள் இல்லை, கார் வந்தால் எட்டிப் பார்க்க ஊரே வருகிறது. சாராயக்கடைக்காரர்தான் பாவம். அவர் சரக்கு அப்படியே இருக்க, மரியாதை மட்டும் குறைந்துவிட்டது.

பஸ்ஸில் கண்டக்டர் இப்போதெல்லாம் ஊர்ப் பெயரைச் சொல்வதில்லை. "ஒயின் ஸ்டாப்பிங் எறங்கு."

ஒன்று சொல்ல வேண்டும். அக்கா இந்த வருஷம் வட்டிக்கு வாங்காமல் பள்ளிக்கூடம் திறந்தபோது பிள்ளைகளைச் சேர்த்தாள். பழத்தை விற்ற காசு. பஞ்சவர்ணம் அத்தை கொட்டகைக்கு எதிரே நின்று எல்லோர் காதிலும் விழும்படி, "ஆடு தின்னத நம்ம தின்னுட்டோம்" என்கிறாள். எனக்குப் பெருமையாக இருந்ததா? இருந்தது.

20 பிப்ரவரி 1974

மரம் எல்லாம் பூவும் பிஞ்சுமாக நிற்கிறது. தலைவர் பொறுக்குகிற பெண்களைக் கூப்பிட்டார். இந்த வருஷத்திலிருந்து பழமும் காட்டுக்காரருக்கே சேரும். பொறுக்கும் கூலி பழையபடி.

"மரம் யாருது?" என்றார்.

"உங்களுதுங்க."

"மரத்துல காய்ச்சது யாருது?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன்: பழம், கொட்டை திருகுற கூலிக்குப் பதில் வந்தது, இனாம் இல்லை, நீங்க எடுத்துக்கிட்டா கூலி தரணும். தலைவர் சிரித்தபடி, "தம்பி அவங்க பக்கமா, நம்ம பக்கமா?" என்றார்.

தொழில்நுட்பத்தின் பக்கம் என்றேன். என்ன பதில் அது? எந்தப் பக்கமும் இல்லாதவன் பேசுகிற பேச்சு. அக்கா ராத்திரி சோறு போட்டாள். குழம்பை மட்டும் எனக்கு எட்டாமல் தள்ளி வைத்தாள்.

14 மார்ச்

பெண்கள் கூடி முடிவெடுத்திருக்கிறார்கள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. பொறுக்கினார்கள். கூடை கூடையாகக் கொண்டு வந்து கொட்டகையில் கொட்டினார்கள். ஒரு பழத்தில்கூடக் கொட்டை திருகப்படவில்லை.

அரியமுத்து: "என்ன இது?"

பஞ்சவர்ணம் அத்தை: "பழங்க. உங்களுதுங்க."

"கொட்டை?"

"அதுவும் உங்களுதுங்க. பொறுக்குனதுக்குக் கூலி குடுங்க, நாங்க போயிட்டு வரோம்."

அக்கா போகும்போது என்னிடம் மட்டும் சொன்னாள்: "திருகுறது தொழில்நுட்பம்டா. நாங்க என்னத்தக் கண்டோம்?"

16 மார்ச்

அரியமுத்துவும் தலைவரின் மச்சான்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து திருகினார்கள். அவசரத்தில் பச்சைக் கொட்டையைக் கத்தியால் வெட்டி எடுத்தார்கள். கொட்டைத் தோட்டில் இருக்கிற எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும் என்று இந்தப் பக்கத்தில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். இவர்களுக்கும் தெரியும்தான், ஆனால் கூலி வாங்குகிறவர்களுக்குத்தான் வேகும் என்று நினைத்திருந்தார்கள் போல. அரியமுத்துவின் விரலெல்லாம் கொப்புளம். பேனா பிடிக்க முடியவில்லை. ராஜாவுக்கு ஓய்வு.

பழக் குவியல் மேல் குளவி. ஒரு நாள் தாங்காத பழம் இரண்டு நாளாகக் கிடக்கிறது.

21 மார்ச்

லேபிள் அச்சுக்குத் திருச்சி போகச் சொன்னார்கள். போனேன். திரும்பி வந்து பார்த்தால் குவியலைக் காணோம். பிழிகிற மிஷினில் கொட்டையோடு போட்டு நசுக்கியிருக்கிறார்கள்!

"மிஷினு பிரிச்சிடும்னு நெனச்சோம்" என்கிறார் தலைவர்.

பழச்சாறும் போச்சு, வெளிநாட்டுக்குப் போக வேண்டிய கொட்டையும் போச்சு. பீப்பாய்க்குள் எட்டிப் பார்த்தேன். மேலே பழுப்பாக எண்ணெய் மினுக்கு. இதைக் கீழே ஊற்றுங்க, வெறும் தரையிலகூட வேணாம், குழி வெட்டி ஊற்றுங்க என்றேன்.

"நெறம் பிரமாதமா இருக்கு தம்பி."

சொன்னேன். திரும்பச் சொன்னேன். தமிழில்தானே சொல்றேன்? இந்த ஊர்ல எப்பதான்யா படிச்சவன் பேச்சு எடுபடும்? பீப்பாய் அறைச் சாவியை அரியமுத்து இடுப்பில் சொருகிக்கொண்டார், கட்டுப் போட்ட கையோடு.

5 ஏப்ரல்

பெண்கள் பொறுக்கவே வருவதில்லை. மரத்தடியில் விழுந்தது விழுந்தபடி. காடு முழுக்கப் புளித்த நாற்றம். இயற்கையே ஒயின் போடுகிறது, லைசென்ஸ் இல்லாமல்.

அக்கா உடையார்பாளையம் பக்கம் களை எடுக்கப் போகிறாள். விடியுமுன் கிளம்பி, விளக்கு வைத்த பிறகு வருகிறாள். வட்டிக்காரன் மறுபடி எங்கள் தெருவுக்கு வழி கண்டுபிடித்துவிட்டான்.

16 ஜூன்

இன்று 'ஒயின் திருநாள்'. பந்தல், வாழைமரம், நாதஸ்வரம், மைக்கில் அரியமுத்து. மதராஸிலிருந்து பெரிய அதிகாரிகள், பக்கத்து ஊர்ப் பெரிய மனிதர்கள், போன வருஷம் மண் வாசனை பிடித்த அதே வாத்தியார். டம்ளர்கள் வரிசையாக வந்தன. நல்ல நிறம்தான்.

நான் மேடை ஓரமாகப் போய் சொன்னேன்: "சார், குடிக்காதீங்க. இதுல கொட்டை எண்ணெய் கலந்திருக்கு. வாய் வெந்துடும்."

தலைவர் என் தோளில் கை போட்டார். "நம்ம டெக்னீஷியன். ரொம்பத் தன்னடக்கம்."

கை தட்டினார்கள். குடித்தார்கள்.

முதலில் ஒருவர் உதட்டைத் தடவினார். பிறகு இன்னொருவர். வாத்தியார் கண்ணை மூடி, "இதுல ஒரு தனிக் காரம்" என்றார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. நாதஸ்வரக்காரருக்கும் ஒரு டம்ளர் கொடுத்திருந்தார்கள் - பாட்டு நடுவில் நின்றுவிட்டது. பந்தல் முழுக்க உதடு வீங்கின பெரிய மனிதர்கள், மோர் மோர் என்று சைகை காட்டிக்கொண்டு.

மைக்கில் அரியமுத்துவின் குரல்: "சோழர் படை வீரர்கள் தாங்கிய வீரியம் இது!"

எதிர்ச்சாரியில் பஞ்சவர்ணம் அத்தை, அக்கா, இன்னும் நாலைந்து பேர். யாரும் சிரிக்கவில்லை. அத்தை ஒரு பானையைக் கொண்டு வந்து பந்தலில் வைத்தாள். மோர். உப்பு போட்டது. அதையும் குடித்தார்கள்.

17 ஜூன்

வேலை போய்விட்டது. காரணம்: விருந்தாளிகள் மனதில் பயத்தை உண்டாக்கியதால்தான் வாய் வீங்கியதாம்.

1 செப்டம்பர்

சாராயக்கடைகளை மூடியாயிற்று. மதுவிலக்கு திரும்ப வந்துவிட்டது. எங்கள் ஒயினுக்கும் பூட்டு.

தலைவர் சோழா கபேயில் உட்கார்ந்து பெருமூச்சு விடுகிறார்: "அரசாங்கம் மட்டும் குறுக்க வரலேன்னா, பாரிஸ் நம்ம பின்னாடி நிக்கும்." ஊரே தலையாட்டுகிறது. ஜூன் மாசத்து உதடுகள் யாருக்கும் ஞாபகம் இல்லை. அரசாங்கத்துக்குத்தான் எவ்வளவு நல்ல மனசு, சரியான நேரத்தில் வந்து பழியை ஏற்றுக்கொண்டது.

9 மார்ச் 1975

தலைவர் பஞ்சாயத்தில் அறிவித்திருக்கிறார்: தன் பரம்பரை உரிமையாகிய முந்திரிப்பழத்தை ஏழைப் பெண்களுக்கே மனமுவந்து விட்டுக்கொடுக்கிறார். மாலை போட்டார்கள். அவரே வாங்கி வந்த மாலை.

பெண்கள் பொறுக்க வருவதாகச் சொன்னார்கள். ஆனால் பஞ்சவர்ணம் அத்தை ஒரு வார்த்தை சேர்த்தாள்: "பழம் எங்களுது, சரிங்க. திருகுறதுக்கு இனிமே தனிக் கூலிங்க. போன வருசம் நீங்களே திருகிப் பாத்தீங்க, அதுல உள்ள கஷ்டம் உங்களுக்குத் தெரியும்."

அரியமுத்து தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். தலைவர் ஒப்புக்கொண்டார். கொட்டையை யார் திருகுவது, மச்சான்களா?

20 ஏப்ரல்

கும்பகோணத்தில் ஊறுகாய்க் கம்பெனி இன்டர்வியூ. கிடைக்கும் போலத் தெரிகிறது. திரும்பும் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் காஞ்சிபுரத்துக் குடும்பம். கண்டக்டர், "ஒயின் ஸ்டாப்பிங் எறங்கு" என்றதும் அந்த அம்மா மிரண்டு, "இங்க ஒயினா?" என்று கேட்டார்.

கண்டக்டர் ஆரம்பித்தார். "அம்மா, சோழ ராஜா கங்கைய ஜெயிச்சுட்டு வரும்போது இங்கதான் எறங்கி முந்திரிப்பழம் தின்னாரு..." போர்டு போன பிறகும் ராஜா போகவில்லை. ஒயினை மட்டும் விட்டுவிட்டார், மதுவிலக்குக்குக் கட்டுப்பட்டவர்.

குடும்பம் இறங்கியது. நானும் இறங்கினேன். நிழலில் அக்கா, எதிரே கூடை. உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவின பழத் துண்டு, தட்டு தட்டாக. பக்கத்துப் பானையில் கஞ்சி ஊற்றித் தெளிய வைத்த சாறு, நான் சொல்லிக்கொடுத்தது. புளிக்கிறதுக்குள் விற்றுவிடுகிறாள்.

அந்தக் குடும்பத்துப் பெரியவர் என் பேன்ட், சட்டையைப் பார்த்துவிட்டு, "தம்பி, படிச்சவராட்டம் தெரியுது. ராஜா இங்க வந்தது நெசமா?" என்றார்.

அக்கா தட்டைக் கழுவுகிற சாக்கில் என் முகத்தைப் பார்த்தாள்.

முந்திரி எந்தக் கப்பலில் வந்தது, எந்த நூற்றாண்டில் வந்தது, எல்லாம் நாக்கு நுனியில் நின்றது. கூடையில் பாதி மிச்சம் இருந்தது.

"இதே எடத்துலதாங்க" என்றேன். "ரெண்டு தட்டு தின்னாராம்."