மகாராணியின் ஈட்டிக்கு எதிரே

மார்ச் 4, செவ்வாய்

தனி ஈட்டிப் பிரிவு என் கையைவிட்டுப் போய்விட்டது. எடுத்துக்கொண்டது வெளியாள் இல்லை, என் நாத்தனார். இந்த நோட்டில் அவள் பெயர் மகாராணி. வீட்டில் நடப்பது அவள் ராஜ்யம்தானே.

வூஷு என்கிற இந்தச் சீனச் சண்டைக் கலையில், எங்கள் அணியிலிருந்து தனி ஈட்டிக்கு ஒருத்திதான் போக முடியும். இன்று தேர்வு. சுழன்று குதித்து இறங்கும்போது என் பாதம் கம்பளத்தில் இழுத்துவிட்டது. அவளுடையது ஆணி அடித்ததுபோல் நின்றது. இத்தனை வருடமாக என் இடம் அது. வீட்டில் சும்மா இருக்கிறாளே என்று அவளைப் பயிற்சி ஹாலுக்குக் கூட்டிக்கொண்டு வந்ததே நான்தான். யாரைச் சொல்ல?

எனக்கு முப்பது நெருங்குகிறது. வெளிநாட்டுப் போட்டிக்குப் போக இதுதான் கடைசி வாய்ப்பு. கோச் ஆறுதலாக ஒன்று சொன்னார். "ஜோடிப் பிரிவுல நீ இருக்கம்மா. அவ ஈட்டி, நீ வெறுங்கை. நிஜச் சண்டை மாதிரியே இருக்கணும். கடைசில நீ விழணும்."

விழணுமாம்.

மார்ச் 5, புதன்

மாமியார் தன் மகளின் முழங்கால் இரண்டுக்கும் ஐஸ் வைத்தார். எனக்கும் இரண்டு முழங்கால் உண்டு.

மார்ச் 13, வியாழன்

ஈட்டி முனை என் தோளை ஒட்டிப் போகும் அந்த நொடியில் நான் எம்பி, முதுகு தட்டையாக விழ வேண்டும். அப்போதுதான் குத்து பட்டதுபோல் தெரியும். இன்று ஒரு கணம் முன்னாலேயே விழுந்துவிட்டேன். சத்தியமாகத் தெரியாமல்தான். கோச் திட்டியது அவளை.

"குத்துல உயிரே இல்ல. உங்க அண்ணி என்ன, காத்தடிச்சா விழுந்தா?"

மகாராணியின் முகம் சுண்டிப்போனது. ராத்திரிச் சாப்பாடு எனக்கு ருசியாக இருந்தது.

மார்ச் 14, வெள்ளி

இன்றும் முன்னாலேயே விழுந்தேன். இன்று தெரிந்தேதான்.

மார்ச் 22, சனி

"தங்கச்சி ரொம்ப வாடிப் போயிருக்கா. நீ ஏதாவது சொல்லிக் குடேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

"நான் விழறவ. எனக்கு என்ன தெரியும்?"

வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். அவள் நாளுக்கு நாள் வேகத்தைக் கூட்டுகிறாள். நான் அதற்கும் முன்னால் விழுகிறேன். நான் இவ்வளவு கெட்டவளா? ஆமாம் போலிருக்கிறது. தூக்கம் மட்டும் நன்றாக வருகிறது.

ஏப்ரல் 3, வியாழன்

மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மகாராணி வந்து வாளியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். கடைசித் துணியும் முடிந்த பிறகு சொன்னாள்.

"அண்ணி, நீங்க ஈட்டி முனையப் பாக்கறதில்ல. என் தோளப் பாக்கறீங்க. தோள் அசைஞ்சதும் விழுந்துடறீங்க. தெரியாம விழறவங்க அப்படிப் பாக்க மாட்டாங்க."

மாட்டிய கிளிப்பைக் கழற்றி மறுபடி மாட்டினேன். அவளே தொடர்ந்தாள்.

"கோச்கிட்ட எதுவும் சொல்லல. வேற ஆள் வேணும்னு மட்டும் கேட்டிருக்கேன்."

வாளியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள் — அந்த நிதானம் எங்கிருந்து வந்தது? அதுவும் அவளுக்கேவா?

ஏப்ரல் 4, வெள்ளி

என் இடத்துக்கு, முடியைக் கிராப்பு வெட்டியிருக்கும் புதுப் பெண் வந்துவிட்டாள். இந்த நோட்டில் அவள் பெயர் கிராப்பு. எனக்கு இந்த வருடம் எந்தப் பிரிவும் இல்லை. விட்டது தொல்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

போட்டி. மாமியாருக்கும் வீட்டுக்காரருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். தனி ஈட்டியில் அவள் பாதம் நகர வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். நகரவில்லை. முதலிடம். வெளிநாடு போகிறாள். மாமியார் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். வயிறு எரிந்தது. அது பழகிப்போனதுதான், தாங்கிக்கொண்டேன்.

தாங்க முடியாதது பிறகுதான் வந்தது. ஜோடிப் பிரிவின் கடைசிக் குத்து. கிராப்பு தாமதித்துவிட்டாள். அவள்மேல் பட்டுவிடக் கூடாதே என்று மகாராணி கையை அடக்கினாள். முனை பாதியில் நின்றது. ஜோடிப் பரிசு போயிற்று.

என்மேல் குத்தும்போது அவள் ஒருநாளும் கையை அடக்கியதில்லை. நான் அவள் காலை வாரிக்கொண்டிருந்த நாட்களில்கூட. அண்ணி விலகிவிடுவாள் என்று அவ்வளவு நம்பிக்கை. கிராப்பைப் பார்த்தேன். அது என் இடம். விழுகிற இடம்தான், இருந்தாலும் என் இடம். அடிப்பாவி, ஈட்டி பறிபோனபோதுகூட இப்படி வலிக்கலியே.

ஏப்ரல் 29, செவ்வாய்

வெட்கத்தை விட்டு மகாராணியிடம் கேட்டேன். "ஜோடிக்கு என்னைத் திரும்பச் சேத்துக்கறியா?"

ஈட்டிக்கு உறை போட்டபடியே சொன்னாள். "கிராப்பு இருக்காளே அண்ணி. இப்பத்தான் கத்துக்கிட்டு வர்றா."

குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் கெஞ்சிப் பார்த்திருக்கலாம்.

மே 8, வியாழன்

கிராப்புக்கு விழக் கற்றுக்கொடுக்கச் சொல்லிவிட்டார் கோச். முனையைப் பார், தோளைப் பார்க்காதே என்று மாலை முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசி முறை மிகச் சரியாக விழுந்தாள். மகாராணி கையை அடக்கவில்லை. இருவரும் கம்பளத்தில் உட்கார்ந்து சிரித்தார்கள். நான் ஷூ லேஸைக் கட்டுவதுபோல் குனிந்துகொண்டேன்.

"நாளைக்கும் வாங்கக்கா" என்றாள் கிராப்பு.

போகத்தான் போகிறேன். வேறு எங்கே போவேன்?