நாற்பத்தொன்றாம் மான்

முகாம்,
பிப்ரவரி 6

என் மூக்குக்கண்ணாடிக்கு,

நான் நலம். நீயும் குட்டியும் எப்படி இருக்கிறீர்கள்? ஜீப் அண்ணன் பெட்டியை எடுக்க வந்துவிட்டார், வெளியே ஹாரன் அடித்து உயிரை வாங்குகிறார். இங்கே போன் வேலை செய்வதில்லை என்பதால் வழக்கம்போல் ஐஸ் பெட்டியின் மூடியில் இதைச் செருகி அனுப்புகிறேன். மான் சளியோடு சேர்த்துப் புருஷன் கடிதம் வாங்குகிறவள் உலகத்திலேயே நீ ஒருத்திதான்.

இந்த முறை பன்னிரண்டு மான்கள். மயக்க ஊசி போட்டு, தொண்டைக்குள் குழாய் விட்டுக் கழுவி எடுத்த தண்ணீர். கூடவே ‘நாற்பத்தொன்று’ என்று ஒரு குப்பி இருக்கும். வயதான ஆண். மந்தையோடு சேராமல் ஒதுங்கி நிற்கிறது, விடிந்தால் இருமுகிறது. அதை மட்டும் உன் உதவியாளரிடம் கொடுக்காமல் நீயே பார்.

காசநோய் இருக்கிறது என்று நீ எழுதினால் நான் சுட வேண்டும். இதுதான் நம் இருவருக்கும் வாய்த்த வேலை. கல்யாணத்துக்கு முன்னாலேயே யாராவது சொல்லியிருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பேன்.

எனக்கு லேசான அசதி. எல்லாம் தூசிதான். போன லீவில் குட்டி என் நெஞ்சின் மேலேயே தூங்கிப் போனாளே, அதை நினைத்துக்கொண்டு படுத்துக்கொள்கிறேன்.

உன்,
காட்டான்


ஆய்வுக்கூடம்,
பிப்ரவரி 20

அன்புள்ள காட்டானுக்கு,

அசதி, தூசி என்று எழுதினால் போதுமா? சாப்பிடுகிறீர்களா, இல்லை டீயிலேயே காலத்தை ஓட்டுகிறீர்களா?

பன்னிரண்டு மான்களிலும் இதுவரை எதுவும் தெரியவில்லை. கிருமி இருந்தால் வளர்ந்து கண்ணுக்குத் தெரிய இன்னும் நாளாகும். ஆனால் உங்கள் கிழவன் நாற்பத்தொன்றின் கதை வேறு. ஸ்லைடு முழுக்கச் சிவப்புக் குச்சிகளாகக் காசநோய்க் கிருமிகள். இவ்வளவு கெட்டியான சளியை எந்த மானும் இதுவரை தந்ததில்லை, உங்களுக்குக் கை தேர்ந்துவிட்டது. தாமதிக்காதீர்கள். அது இருமுகிற ஒவ்வொரு இருமலும் மற்றவற்றுக்கு ஆபத்து. சுட்டுவிடுங்கள்.

உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன், மனசு கேட்கவில்லை. குட்டிக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது. கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. டாக்டர் சிரிக்கிறார். “சளிக்கட்டிம்மா இது. லேப்ல வேலை பாக்குறவங்களுக்கு எதைப் பாத்தாலும் கிருமிதான்” என்கிறார். அவர் வாய் முகூர்த்தம் அப்படியே பலிக்கட்டும். ஆனால் சட்டையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது அவளுக்கு. “அப்பா மேல தூங்கணும்” என்று ஒரே அழுகை. எப்போது வருவீர்கள்?

உங்கள்,
மூக்குக்கண்ணாடி


முகாம்,
மார்ச் 2

கண்ணம்மா,

இதைப் படித்த உடனே குட்டியைத் தூக்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. மிச்சத்தை வழியில் படி.

நாற்பத்தொன்று என்று ஒரு மான் கிடையாது. அந்தக் குப்பியில் நான்தான் துப்பினேன்.

போன வருஷம் சுட்ட மான்களை அறுத்து நுரையீரலைப் பார்த்தபோது, புழுக்கம் தாங்காமல் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுக்கொண்டேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. லீவில் வந்தபோதே இருமல் இருந்தது. தூசி என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் விஷயம் அலுவலகத்துக்குப் போகும். மனிதனுக்குத் தொற்றிவிட்டது என்று தெரிந்தால் மந்தை மொத்தத்தையும் சுட உத்தரவு வரும். ஒன்றுமறியாத ஜீவன்கள், பாதிக்கு மேல் நோயே இல்லாதவை. உன் வாயால் மட்டும் தெரிந்துகொள்ளலாம் என்று நினைத்தேன். நீயும் தெளிவாகத்தான் சொன்னாய்.

பெற்ற பிள்ளைக்கு விஷம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அவள் தட்டிலேயே சாப்பிட்டேன், கண்ணம்மா. இனி வீட்டுப் பக்கம் வரமாட்டேன். மந்தையைவிட்டு ஒதுங்கின மானுக்கு என்ன வழியோ அதுதான் எனக்கும். குட்டியைக் காப்பாற்று.


பெரிய ஆஸ்பத்திரி, குழந்தைகள் வார்டு,
மார்ச் 5

உங்களுக்கு,

அறிவிருக்கிறதா உங்களுக்கு? குட்டியை மடியில் போட்டுக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும், படித்துக்கொள்ளுங்கள்.

கட்டியில் ஊசி போட்டு எடுத்துப் பார்த்தார்கள். அதேதான். டாக்டரிடம் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டேன். வழக்கமாகக் கொடுக்கும் மருந்துகளில் ஒன்று இந்த மான் கிருமியிடம் எடுபடாதாம். உங்கள் கடிதம் வராமல் போயிருந்தால் அந்த மருந்தையும் நம்பிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். இப்போது சரியான மருந்து போகிறது. முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்குகிறாள், அப்படியே உங்கள் மூஞ்சி.

அலுவலகத்திலும் சொல்லிவிட்டேன். மந்தைக்கு உத்தரவு வரும். அந்தப் பாவம் என் தலையில் விடியட்டும். உங்களையும் அவளையும் விட்டுக்கொடுத்து எனக்கு ஒரு மானும் வேண்டாம்.

கோபம் ஆறவில்லை, ஆறவும் ஆறாது. என்னை எதற்கு இதில் இழுத்தீர்கள்? நுண்ணோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டு, என் புருஷனைச் சுடச் சொல்லி என் கையாலேயே எழுத வைத்துவிட்டீர்களே! அந்த வரி ராத்திரி பகல் மண்டைக்குள் ஓடுகிறது. அந்தக் கடிதத்தைக் கொளுத்துங்கள். அது மானுக்கு எழுதியது. மானைப் பிடித்து மாதக்கணக்கில் மாத்திரை கொடுக்க முடியாது, அதனால் சுடுகிறோம். உங்களுக்குக் கொடுக்க முடியும். வாயைப் பிளந்து நானே போடுவேன்.

துப்பாக்கியை ஜீப் அண்ணனிடம் கொடுத்துவிடுங்கள். காரணம் சொல்ல வேண்டாம். அது கைக்கு வந்து சேர்கிறவரை எனக்குச் சோறு இறங்காது. கடிதம் எழுதிக்கொண்டிருக்காதீர்கள். வாங்க. கும்பிட்டுக் கேட்கிறேன், வாங்க.


முகாம்,
மார்ச் 9

கண்ணம்மா,

துப்பாக்கி இந்த வண்டியில் வருகிறது. தோட்டாப் பெட்டியும்தான். வாங்கி, ஜீப் அண்ணனிடமே அலுவலகத்தில் ஒப்படைக்கச் சொல். மூன்று நாளாக அதைச் சுவரோரம் சாய்த்துவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இதற்கு மேல் கேட்காதே.

உத்தரவு வந்துவிட்டது. சுடுகிறவர்கள் நாளைக்கு வருகிறார்கள். இன்று காலையில் மந்தை ஓடையில் தண்ணீர் குடித்தது. நான் கிட்டே போகவில்லை. வாய்விட்டு அழுதேன், ஆளில்லாத காடு என்பதால் வெட்கமில்லை.

சத்தம் கேட்பதற்குள் கிளம்பிவிடுகிறேன். ஜீப் அண்ணனோடு ஒரே வண்டியில் மூச்சுவிடக் கூடாது. சரக்கு லாரியின் பின்னால், திறந்த இடத்தில் உட்கார்ந்து வருவேன். டாக்டரிடம் சொல்லி வை.

குட்டியை என்னிடம் ஓடிவர விடாதே. அழுதாலும் விடாதே. வார்டு ஜன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தூக்கி வைத்துக்கொண்டு நில். நான் மரத்தடியில் நின்று பார்த்துக்கொள்கிறேன்.

அப்பா