காலி செய்ய எத்தனை வார்த்தை

ஜூலை 10, வியாழன்

வெயில். மூலக்குளம் முழுக்கப் புழுதி. பிரஷர் மாத்திரை வாங்க வேண்டும். பல்பு ஒன்று.

கீழ் போர்ஷன் முருகனிடம் இன்று மறுபடியும். இனி மு. என்றே எழுதுகிறேன், முழுப் பெயர் எழுத மை வீண். காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் நடத்தியவன் நான். இவனைக் கிளப்ப, தெரிந்த வார்த்தை எல்லாம் செலவாகிவிட்டது. முதலில் மரியாதையாக ஷிப்ட். பிறகு வெக்கேட். வக்கீல் நோட்டீஸில் க்விட், சரண்டர். க்விட் என்றால் தானாகப் போவது, எவிக்ட் என்றால் பிடித்துத் தள்ளுவது. வக்கீலுக்கே வித்தியாசம் தெரியவில்லை, நான்தான் திருத்திக் கொடுத்தேன். ஐந்து வருடமாக எல்லாவற்றுக்கும் மு.விடம் ஒரே பதில்.

"ஆவட்டும் சார். அப்பாவ வச்சிக்கினு ஒடனே எங்க போறது? பாக்குறேன் சார்."

அப்பா என்பது பழைய மில் தொழிலாளி. ஹாலில் கட்டிலோடு கட்டிலாகக் கிடக்கிறது. இருமல் மாடிவரை கேட்கிறது. இருமி முடித்துப் போய்ச் சேரவும் மாட்டேன் என்கிறது.

கவிதாவுக்கு ஆறாம் மாதம். கல்யாணமாகி எத்தனை வருடம் கழித்து. நஞ்சுக்கொடி கீழே இருக்கிறதாம், படியே ஏறக்கூடாது என்று டாக்டர். வளைகாப்பு முடிந்து என் பெண் என் வீட்டுக்குத்தான் வருவாள். அந்த ஹால் எனக்கு வேண்டும். அவ்வளவுதான்.

ஜூலை 13, ஞாயிறு

எழுந்ததும் காலண்டர் தாள் கிழித்தேன். திருவோணம் ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்வரை, பிறகு அவிட்டம். என் மனைவி சரோஜா பால் வாங்கப் போயிருந்தாள். மு.வின் பெண்டாட்டி செல்வி படியேறி ஓடி வந்தாள்.

"சார், மாமா கண்ணத் தொறக்க மாட்டேங்குறாரு. செத்த வந்து பாருங்க சார்."

போனேன். மணி ஆறு. கை சில்லிட்டு, தாடை இறுகிக் கிடந்தது. சந்தேகமே இல்லை, ஆள் போயாயிற்று.

கையைப் பிடித்தபடியே யோசித்தேன். திருவோணத்தில் செத்தால் ஒன்றுமில்லை. பதினாறாம் நாள் கருமாதி முடித்துவிட்டு மு. அதே ஹாலில் டிவி பார்ப்பான். அவிட்டத்தில் செத்தால் அடைப்பு. ஆறு மாதம் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியே போயாக வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த சாவு. கோர்ட்டுக்குப் பயப்படாதவன் இதற்குப் பயப்படுவான்.

"நாடி இருக்கு," என்றேன். "லேசா இருக்கு. யாரும் அழாதீங்க."

மு. வண்டியை எடுத்துக்கொண்டு டாக்டரைத் தேடி ஓடினான். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் எந்த டாக்டர் வருவான்? செல்வி கால்மாட்டில் உட்கார்ந்து உள்ளங்காலைத் தேய்க்க ஆரம்பித்தாள். "மாமா, சார் வந்துக்கிறாரு பாருங்க. கண்ணத் தொறங்க மாமா." தேய்க்கட்டும், காசா பணமா. நான் மணிக்கட்டை விடவில்லை. எதிரே சுவர்க் கடிகாரம்.

ஏழு தாண்டியதும் கையைக் கீழே வைத்தேன்.

"போயிட்டாரும்மா."

அவள் என் காலில் விழுந்தாள். "கடைசி வரைக்கும் கையப் புடிச்சிக்கினு இருந்தீங்களே சார். பெத்த புள்ள கூட பக்கத்துல இல்ல."

மேலே வந்து தலைக்குக் குளித்தேன். இட்லி. சட்னியில் உப்பு கம்மி.

ஜூலை 14, திங்கள்

சாவுமேளம். தலைவலி. நேற்று மாத்திரை மறந்துவிட்டேன்.

எடுப்பதற்கு முன் ஐயர் நேரம் கேட்டார். நான் வாயே திறக்கவில்லை. மு.வே சொன்னான்: "ஏழு மணிக்கு மேல சாமி. சார்தான் கூட இருந்தாரு."

ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். "அவிட்டமாச்சே. அடைப்பு இருக்கேப்பா. ஆறு மாசம்."

கூட்டம் ஒரு அடி பின்னால் நகர்ந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

செல்வி: "உயிர் போன எடத்த மட்டும் பூட்டுனா போதாதா சாமி?"

உயிர் போன இடம் ஹால். ஹாலைத் தாண்டித்தான் அடுப்படி, பாத்ரூம். பிளான் போட்டவன் நான். என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஜூலை 30, புதன்

மேகம். மழை இல்லை.

போய்விட்டார்கள். கருமாதி முடிந்த மறுநாள் செவ்வாய், அதனால் இன்று. ஆடி மாதம் எவன் புது வீடு கொடுப்பான்? அரியாங்குப்பத்தில் செல்வியின் அண்ணன் வீட்டுக்கு. ஒரே ரூமாம், அங்கே ஏற்கெனவே நான்கு பேர். பீரோவை எங்கே வைப்பது என்று புருஷனும் பெண்டாட்டியும் லோடு வண்டிக்குப் பக்கத்தில் நின்று சண்டை. கடைசியில் பீரோவை இரும்புக் கடைக்கே போட்டுவிட்டார்கள். வேடிக்கையாக இருந்தது.

"தை மாசம் வந்துடுறோம் சார். சாவிய நீங்களே வச்சிருங்க."

"பாக்கலாம்," என்றேன். வண்டி திரும்பியதும் பூட்டை மாற்றினேன்.

எதிர்வீட்டு சொல்தா, பிரெஞ்சு ராணுவப் பென்ஷன்காரர், கேட்டுக்கு மேல் எட்டிப் பார்த்து, "ஃபினி?" என்றார், முடிந்ததா என்று பிரெஞ்சில். அவர் பங்குக்கு அவருக்கும் ஒரு வார்த்தை. ஐந்து வருட இங்கிலீஷ் செய்யாததை அடைப்பு செய்துவிட்டது. ஷிப்ட், வெக்கேட், க்விட், சரண்டர், எல்லாம் பெஞ்சு மேல் ஏறி நிற்கட்டும்.

இனி: வெள்ளையடிப்பு. வெஸ்டர்ன் டாய்லெட். பாத்ரூம் சுவரில் பிடி. மெத்தை. ஜன்னலுக்குப் பச்சைத் திரை, கவிதாவுக்குப் பச்சை பிடிக்கும்.

சந்தோஷமாக இருக்கிறது. எழுதிவைக்கிறேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

சரோஜா சம்பந்தி அம்மாவிடம் போனில் சொல்லித் தொலைத்திருக்கிறாள். துக்கம் விசாரிக்கிற மாதிரி எல்லாவற்றையும், அவிட்டம் உட்பட. காலையில் கடலூரிலிருந்து அந்த அம்மாவே போன்.

"தப்பா நெனச்சிக்காதீங்க சார். அடைப்பு இருக்கற வீட்டுக்கு வயித்துப் புள்ளக்காரிய எப்புடி அனுப்புறது? பிரசவம் இங்கியே ஆவட்டும்."

"அடைப்பு அவங்களுக்குங்க, எங்களுக்கு இல்ல."

"ஒரே வாசல்தான சார்."

கவிதாவிடம் கொடுக்கச் சொன்னேன். அவளாவது படித்தவள்.

"அப்பா, எனக்கே பயமா இருக்குப்பா. இத்தினி வருஷம் கழிச்சு வந்த புள்ள."

சாப்பிடவில்லை. பெயிண்டருக்குப் போன் செய்து வர வேண்டாம் என்றேன். அழுகை வந்தது. கிழவன் செத்தும் ஹாலை விடமாட்டேன் என்கிறான்.

ஆகஸ்ட் 6, புதன்

தூறல். பால் திரிந்துவிட்டது.

சரோஜா பெட்டி கட்டுகிறாள். கடலூர்.

"எத்தனை நாளைக்கு?"

"தை பொறக்கட்டும். தெனம் அந்த வாசலத் தாண்டிட்டு நான் போய் எம் பொண்ணத் தொட முடியுமா? நீங்களும் எங்கயாவது ஒரு ரூம் பாத்துக்கினு கெளம்புங்க. இங்க இருக்காதீங்க."

சொல்லிவிடலாமா என்று அரைமணி நேரம் மாடியில் நடந்தேன். சொன்னால் நேராக அரியாங்குப்பம் போய் செல்வியிடம் சொல்வாள். மு. திரும்பி வருவான். வரட்டும். சொன்னேன்.

"அடைப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் கீழ போறதுக்கு முன்னாடியே கெழவன் செத்துட்டான். திருவோணம். நான்தான் நாடி இருக்குன்னு சொல்லி நேரத்த ஓட்டுனேன்."

புடவையை மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். பக்கத்தில் வந்து என் தோளைத் தொட்டாள்.

"பொண்ணு வரணும்னு இப்புடியெல்லாம் பேசாதீங்க. செத்தவரு கையயா ஒரு மணி நேரம் புடிச்சிக்கினு இருந்தீங்க? அந்தப் பொண்ணு கால்மாட்டுல உக்காந்து தேய்ச்சிக்கினு இருக்கும்போது? அப்புடியும் ஒரு மனுஷன் இருப்பானா? அவங்கூடவா நான் இத்தினி வருஷம் குடும்பம் நடத்துனேன்?"



ஆட்டோ வந்தது. பெட்டியை நானே தூக்கிக்கொண்டு போய் வைத்தேன்.