அகராதியில் உன் தொழில்

அன்பு மகளுக்கு,

நீ வங்கி வேலையை விட்டு, மருத்துவமனைக் குழந்தைகளுக்குக் கதை சொல்லப் போனதிலிருந்து நாம் பேசவில்லை. இது அலுவல் செய்தி மட்டுமே.

எங்கள் அகராதிக் குழு நேற்று 'கதைசொல்லி' என்ற சொல்லுக்கு வந்தது. அது ஒரு தொழிலையும் குறிக்கும் என்று வாதிட்டவர்கள், சான்றாக உன்னைப் பற்றிய பத்திரிகைச் செய்தியைக் காட்டினார்கள். உறவினர் சம்பந்தப்பட்டால் உறுப்பினர் வெளியேற வேண்டும். அந்த விதியை எழுதியவன் நான். வெளியேறினேன்.

"என்ன சார், பிரசவ வார்டு வாசல்ல நிக்கிற மாதிரி தவிக்கிறீங்க?" என்று வெளியே தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண்மணி சிரித்தார்.

தொழில் என்ற பொருள் ஏற்கப்பட்டது. எடுத்துக்காட்டு வாக்கியம்: 'கதைசொல்லியைக் கண்டதும் குழந்தைகள் ஊசியை மறந்தார்கள்.'

அச்சுப் பிழை பார்ப்பது என் பொறுப்பு. பிழை இல்லை என்று தெரிந்த பிறகும் படித்துக்கொண்டே இருந்தேன்.

இப்படிக்கு,
கதைசொல்லியின் அப்பா