மூன்றாவது வளைவு

என் ஓட்டக்காரருக்கு,

நேத்து மலை ஓட்டத்துல, மூணாவது வளைவுல தண்ணி பாட்டிலோட நின்னேன். நீங்க என்னைப் பார்க்கலை. உங்ககூட ஓடுற பல் டாக்டரம்மாவுக்கு ஏத்தத்துல மூச்சு வாங்குச்சு. உடனே வேகத்தைக் குறைச்சு, அவங்க பக்கத்துலயே ஏறினீங்க. என்ன ஒரு நல்ல மனசு!

கடைக்குப் போனாக்கூட பத்தடி முன்னால போற ஆளு நீங்க. "மெதுவா நடக்க எனக்கு வராதுடி"ம்பீங்க. கல்யாணம் ஆனதுலேர்ந்து உங்க முதுகைப் பார்த்துக்கிட்டேதான் வர்றேன்.

வீட்டுக்கு வந்ததும், "முழங்கால் பிடிச்சுக்கிச்சு, அதான் லேட்"னீங்க. நான் ஒண்ணும் கேட்கவே இல்லையே? தைலம் அலமாரியில இருக்கு.

நான் காய் வாங்கக் கிளம்பிட்டேன். என்கூட நடக்கணும்னு தோணுச்சுன்னா, ஓடி வாங்க.

இப்படிக்கு,
பின்னாலயே வந்தவ