கார்புரேட்டரில் இல்லாத சிலுவை

என் ஆருயிர் அண்ணன் சவரிமுத்துவுக்கு, ஓசூரிலிருந்து உன் தங்கை தெரேசா எழுதுவது.

கடிதம் கைக்கு வந்ததும் நீ முதலில் என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். உறையை வெளிச்சத்தில் பிடித்து, யாராவது பிரித்துப் படித்துவிட்டுத் திரும்ப ஒட்டியிருக்கிறார்களா என்று ஓரம் ஓரமாகப் பார்ப்பாய். இந்த முறை அந்தச் சிரமம் வேண்டாம். இதை நான் ஒட்டவே இல்லை. நீயும் என் வீட்டுக்காரரும் போட்ட சண்டையை ஓசூர் பஸ் ஸ்டாண்டே நின்று வேடிக்கை பார்த்தது. அதற்கு நான் சொல்லும் பதிலையும் நாலு பேர் படிக்கட்டும்.

உன் டாக்சி இப்போது எங்கள் வாசல் புங்கமரத்தடியில் நிற்கிறது. லூர்து அண்ணிதான் போன வாரம் கிருஷ்ணகிரியிலிருந்து கொடுத்தனுப்பினாள். உன் மாப்பிள்ளை, அதாவது என் மெக்கானிக் வீட்டுக்காரர், பொருத்திய அதே சின்னக் கார்புரேட்டர்தான் இன்னும் ஓடுகிறது. மேலுமலை ஏற்றத்தில் முன்பு மூச்சு வாங்கிக் கறுப்புப் புகை கக்கிய வண்டி, இப்போது நாலு பேரையும் இரண்டு மூட்டையையும் ஏற்றிக்கொண்டு முனகாமல் ஏறுகிறது. நீ இருந்தால் இதையும் நம்பமாட்டாய். இறங்கி மூட்டைக்குள் பஞ்சு இருக்கிறதா என்று பார்ப்பாய்.

சந்தேகத்தில் உன்னை மிஞ்ச ஆள் கிடையாது. பேரிகைச் சந்தையில் புளி வாங்கினால் உருண்டையைப் பிட்டுக் கொட்டையைத் தேடுவாய். கோயில் வாசலில் கழற்றிவிடும் செருப்பின் அடியிலும் ஆணியால் ஒரு சிலுவை கீறி வைத்திருப்பாய். பாட்டரி, டைனமோ, மாற்றுச் சக்கரம் என்று வண்டியில் எதை மெக்கானிக்கிடம் கொடுத்தாலும் முதலில் சிலுவை, அப்புறம்தான் பேச்சு. "நல்லதக் கழட்டிக்கிட்டு ஓட்டைய மாட்டிக் குடுத்துடுவானுங்க" என்பாய். பல டிரைவர்கள் அப்படிக் குறி போடுவதுதான். ஆனால் தங்கை புருஷனின் ஷெட்டுக்குக் குறியோடு வந்தவன் நீ ஒருவன்தான்.

ஊருக்குக் கப்பலேறிய வெள்ளைக்காரத் துரை ஒருவர் விட்டுப்போன ஆறு சிலிண்டர் வண்டி அது. பெட்ரோலில் காற்றைக் கலந்து இஞ்சினுக்கு ஊட்டும் அதன் பெரிய கார்புரேட்டர் உள்ளே தேய்ந்து, காற்று போகக்கூடாத வழியில் போக ஆரம்பித்தது. நின்ற இடத்தில் இஞ்சின் ஒரு நேரம் பதுங்கும், ஒரு நேரம் பாயும். அதே சாமான் இங்கே கிடைக்காது என்பதால், பெங்களூரில் ராணுவக் கழிவுச் சாமான் விற்கிற இடத்திலிருந்து வேறொரு சின்னக் கார்புரேட்டரை உன் மாப்பிள்ளை வாங்கி வந்தார். ஜூஜுவாடியில் மதுவிலக்குப் போலீஸ்காரர் பஸ்ஸை நிறுத்தி, சாராயமோ என்று அந்தப் பொட்டலத்தை மோந்து பார்த்து, பெட்ரோல் நெடி ஏறி ரொம்ப நேரம் தும்மினாராம். இதை அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். நீ சிரிக்கவில்லை. "என்னுது கெட்டுப்போச்சுன்னு சொல்றதே அவன்தான பாப்பா?" என்று என்னிடம் தனியாகக் கேட்டாய்.

வேலை தொடங்குவதற்கு முதல் நாள் கிணற்றடிக்கு என்னைக் கூப்பிட்டாய். மடியிலிருந்து ஒரு ஆணியை எடுத்து என் கையில் வைத்தாய்.

"நான் பானெட்டத் தொறந்தா அவனுக்குத் தெரிஞ்சிடும். நீ சமயம் பாத்து, என்னோட பழைய கார்புரேட்டரு வெளிப்பக்கம் ஒரு சிலுவ கீறிடு."

"அவரு உன் மாப்பிள்ளண்ணா."

"மாப்பிள்ளைங்கறதாலதான் உன்கிட்ட சொல்றேன். வெளியாளா இருந்தா அவன் கண்ணு முன்னாலயே நானே கீறியிருப்பேன்."

சாயங்காலம் காப்பி குடிக்கும்போது புருவத்தைத் தூக்கி, "போட்டியா?" என்றாய். "போட்டாச்சுண்ணா" என்றேன்.

அடுத்த மூன்று நாளும் கவிழ்த்துப் போட்ட பெட்ரோல் டின்மேல் உட்கார்ந்து அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாய். பெரியது நின்ற இடத்தில் சின்னது உட்காராது, போல்ட் துளைகள் ஒன்றுக்கொன்று சேராது. அதனால் நடுவில் வைக்க ஒரு அலுமினியத் தகடு அறுத்தார். அதில் துளை போட வந்த பட்டறைக்காரர் பசப்பாவும் அவரும் கன்னடத்தில் பேசிக்கொண்டார்கள்.

"எனக்குப் புரியக்கூடாதுன்னா கன்னடத்துல பேசறீங்க?" என்று கேட்டாய்.

"அவருக்குத் தமிழ் வராதுங்க மச்சான்" என்றார் அவர்.

அதையும் நீ நம்பவில்லை. பசப்பா போன பிறகு என்னிடம் வந்து, "அந்தாளுக்கு நெசமாவே தமிழ் வராதா?" என்று விசாரித்தாய்.

முதலில் ஓட்டிப் பார்த்தபோது நடுச் சிலிண்டர்களின் பிளக் கறுத்தும், இரண்டு கோடியிலும் உள்ளவை வெளுத்தும் இருந்தன. நடுவில் இருப்பவர்களுக்கு விருந்து, ஓரத்தில் இருப்பவர்களுக்குப் பட்டினி என்று அவர் விளக்கினார். பெட்ரோல் பாயும் ஜெட்டை மாற்றி, தகட்டின் வாயை அரத்தால் ராவி, மறுபடி ஓட்டி, மறுபடி கழற்றி, மூன்றாம் நாள் ஆறு பிளக்கும் ஒரே செங்கல் நிறத்துக்கு வந்தன. அந்த மூன்று நாளில் நீ டின்னை விட்டு எழுந்தது, கடைசி நாள் மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பிட வந்த அரைமணி நேரம் மட்டும்தான்.

ஜூஜுவாடி வரை ஓட்டிவிட்டுத் திரும்பியபோது உன் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ இருந்தது. அவர் பழைய கார்புரேட்டரை மண்ணெண்ணெயில் கழுவிச் சாக்கில் சுற்றி உன்னிடம் கொடுத்தார். நீ சாக்கைப் பிரித்தாய். திருப்பித் திருப்பிப் பார்த்தாய்.

"இது என்னுது இல்ல."

"உங்களுதுதான் மச்சான்."

"என்னுதுல சிலுவக் குறி இருந்துச்சு. நான் போட்ட குறி."

"எனக்கு ஒரு குறியும் தெரியலைங்களே."

"எப்படித் தெரியும்? அரமணி நேரம் சோறு திங்கப் போனேன், அதுக்குள்ள கைய வெச்சிட்ட."

ஷெட்டுக்கு எதிரே பஸ் ஸ்டாண்டில் நின்றவர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். அவர் உரக்கப் பேசிப் பழகாதவர். கையைத் துடைத்துக்கொண்டு, "எடுத்துட்டுப் போங்க. இனிமே என் ஷெட்டுக்கு வராதீங்க" என்றார். அவருக்குச் சோறு கொண்டுபோன தூக்குப்பாத்திரத்தோடு நான் நடுவில் நின்றேன். வாயைத் திறந்தேன். "நீ பேசாத பாப்பா, உனக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிப் போய்விட்டாய்.

எனக்குத் தெரியும் அண்ணா. நான் அந்தச் சிலுவையைப் போடவே இல்லை.

பானெட்டைத் திறந்தேன். ஆணியைக் கொண்டுபோய் வைக்கவும் செய்தேன். கீறினால் கட்டின புருஷனைத் திருடன் என்று என் கையாலேயே எழுதியது போலாகும் என்று தோன்றியது. ஆணியைக் கிணற்றில் போட்டுவிட்டு வந்து உன்னிடம் 'போட்டாச்சு' என்றேன். உண்மையைச் சொல்லியிருந்தால் நீ என்ன செய்திருப்பாய், ஒரு மணி நேரம் முறைத்திருப்பாய், அவ்வளவுதானே? அந்த ஒரு மணி நேரத்துக்குப் பயந்துதான் பொய் சொன்னேன்.

இதைவிடக் கேவலமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நானும் நம் அப்பாவுக்குப் பிறந்தவள்தானே? குறி போடாததால் அவர் மாற்றினார் என்பதற்கும் சாட்சி இல்லை, மாற்றவில்லை என்பதற்கும் சாட்சி இல்லை. அந்த அரைமணி நேரத்தில் மாற்றியிருப்பாரோ? அவர் பெங்களூர் போய்வரும் நாளெல்லாம் சட்டைப்பையைத் துழாவினேன். ஒருநாள் அவர் பெட்டிக்கடியில் கனமான ஒரு பொட்டலம் கிடைத்தது, விளிம்பில் பித்தளை தெரிந்தது. பிரித்தேன். என் பெயர்த் திருநாளுக்கு அவர் வாங்கி ஒளித்து வைத்திருந்த காப்பி பில்டர்.

இரண்டு வருஷம் நீ எங்கள் வாசலை மிதிக்கவில்லை. காமாலையில் விழுந்த செய்தி வந்து ஓடிவந்தோம். அவர் கட்டிலின் கால்மாட்டில் நின்றார், அதனால் அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. நீ என் கையைப் பிடித்து, "வண்டி நல்லா ஓடுது பாப்பா" என்றாய். அதை அவர் காதில் விழும்படி சொன்னாய். காய்ச்சலில் பிதற்றுகிறாய் என்று நினைத்தேன். மறுநாள் உன் சவப்பெட்டியை அவரும் தோள் கொடுத்துத் தூக்கினார். களவாடியவன் தூக்குகிறான் பார் என்று யாரோ பின்னால் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது.

போன வாரம் வண்டியை அனுப்பும்போது, அண்ணியும் அதில் ஏறி வந்தாள். அந்தச் சாக்கு மூட்டையை என் மடியில் வைத்தாள். பழைய கார்புரேட்டர் எண்ணெய் பூசி, உன் நல்ல துண்டில் சுற்றியிருந்தது.

"அதோட வாய்க்குள்ள பாரு" என்றாள். உள்விளிம்பில் அரத்தால் ராவிய இரண்டு வெட்டு.

"வண்டிய உங்கூருக்குக் கொண்டாறதுக்கு முன்னாடி உங்கண்ணனே ராவுனாரு, நான்தான் புடிச்சிக்கிட்டேன். வெளிக்குறியப் பாத்தா வேற ஒண்ணுல அதே மாதிரி கீறிக் குடுத்துடுவாங்களாம். அதனால உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணு. சண்ட போட்டுட்டு வந்து, ஊட்டுல உக்காந்துதான் இதப் பாத்தாரு. 'என்னுதுதான் லூர்து. பொய் சொல்லியிருக்கா கழுத'ன்னாரு."

"அப்புறம் ஏன் அண்ணி வரலை?"

"போய்ச் சொல்லுங்கன்னேன். 'எப்படிச் சொல்றது? ஆணி எடுத்துக் குடுத்ததச் சொல்லணும், அவ வாங்கிக்கிட்டதச் சொல்லணும். அவ புருசனுக்கு முன்னால அவ நிக்க முடியாது. நான் கெட்டவனாவே இருந்துட்டுப் போறேன்'னாரு. யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு என்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டாரு. இனிமே எத்தன நாளைக்கு நான் இதத் தூக்கிட்டுத் திரியறது?"

என் புத்தி அப்போதும் போகவில்லை அண்ணா. அண்ணி என்னைத் தேற்றுவதற்காகத் தானே ராவிக் கொண்டுவந்திருப்பாளோ என்று, அவள் போன பிறகு துணியை மண்ணெண்ணெயில் நனைத்து அந்த வெட்டுகளைத் துடைத்துப் பார்த்தேன். வெட்டுக்குள்ளே பழைய துரு, புதிதாக ராவியதல்ல. அதற்கப்புறம்தான் அழுதேன்.

உள்ளே உன் குறி இருக்கும்போது என்னிடம் எதற்கு ஆணியைக் கொடுத்தாய்? நீ சோதித்தது அவரையா, என்னையா? 'வண்டி நல்லா ஓடுது' என்றாயே, அது அவரிடம் கேட்ட மன்னிப்பா, எனக்குக் கொடுத்த மன்னிப்பா?

அன்றைக்கே அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கார்புரேட்டரை மடியில் வைத்து அந்த இரண்டு வெட்டையும் விரலால் தடவிக்கொண்டே கேட்டார். கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "நீயும் என்ன நம்பலியா?" நம்பினேன் என்று சொல்லியிருக்கலாம். இன்னொரு பொய்க்கு எனக்குத் தெம்பில்லை. "மச்சான் மூணு நாளு உக்காந்து பாத்தது எனக்கு வலிக்கல தெரேசா" என்று சொல்லிவிட்டு ஷெட்டுக்குப் போனார்.

அதிலிருந்து கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் தாழ்ப்பாள் போட்டாச்சா என்று கேட்டு, நான் 'போட்டாச்சு' என்றால் எழுந்துபோய்ப் பார்க்கிறார். குழம்புக்கு உப்புப் போட்டாச்சு என்றால் ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்க்கிறார். உன் டின்மேல் இப்போது அவர் உட்கார்ந்திருக்கிறார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.

வருகிற கல்லறைத் திருநாளுக்கு உன் வண்டியிலேயே அவரையும் அழைத்துக்கொண்டு வருகிறேன். முணுமுணுத்தவர்கள் எல்லாரும் மெழுகுவர்த்தியோடு அங்கே நிற்பார்கள். அவர்கள் கேட்கும்படி உன் தலைமாட்டில் நின்று, திருடியவர் யாரும் இல்லை, பொய் சொன்னவள் நான்தான் என்று சொல்வேன். இது சத்தியம். நீ நம்பமாட்டாய். வந்து சொல்கிறேனா இல்லையா என்று பார்த்துக்கொண்டே இரு.

போடாத சிலுவையைப் போட்டாச்சு என்ற உன் கழுதைத் தங்கை,
தெரேசா