நாலு நாள் நக்கலடிக்காத கிரேன்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம் என்று தொடங்கவேண்டும், ஆனால் இந்தத் தடவை அதில் பாதியைத்தான் எழுத முடியும். அப்பா நலம், முதுகுவலி இருந்த இடத்திலேயே இருக்கிறது, வாயும் அப்படியே. என் நலம் மட்டும் இரண்டு பிளாஸ்டிக் புட்டிகளில் சீல் வைக்கப்பட்டு ஆய்வுக்கூடத்துக்குப் போயிருக்கிறது, அங்கிருந்து பதில் வந்தால்தான் நான் நலமா இல்லையா என்று எனக்கே தெரியும். பயப்படாதே, நோய் ஒன்றும் இல்லை. உன் அம்மா போதையில் கிரேன் ஓட்டினாளா என்று அணுமின் நிலையத்தில் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள். இதைப் படித்ததும் நீ சிரிப்பாய் என்று தெரியும், சிரித்து முடி. ஃபோனில் சொல்லியிருக்கலாம், ஆனால் அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு என்ன என்ன என்பார், அதற்குப் பதில் சொல்வதற்குள் விஷயம் ஆறிப்போகும். அதனால்தான் கடிதம்.

எல்லாம் போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின ஞாயிறு நீ ஃபோன் பண்ணியதில் ஆரம்பித்தது. அங்கே உள்ள அணுமின் நிலையத்தில் வெல்டர் வேலை கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது, ஒரு படிவம்தான் பாக்கி, அதில் இதற்குமுன் வேறு எந்த நிலையத்திலாவது மதுவுக்கோ போதைமருந்துக்கோ நடந்த சோதனையில் தேறாமல் வெளியே அனுப்பப்பட்டது உண்டா என்று ஒரு கேள்வி, "ஆமான்னு போடட்டுமா, இல்லைன்னு போடட்டுமாம்மா" என்று கேட்டாய். நான் அடுப்பில் பால் பொங்குகிற அவசரத்தில், "இல்லைன்னு போட்டுட்டுப் போடா, ஆறு வருஷத்துக்கு முன்னாடி நடந்ததை எவன் கடல் தாண்டி வந்து தோண்டப்போறான்" என்றேன். நீ "சரிம்மா" என்றாய். பாலைக் காப்பாற்றிவிட்டேன், அந்தச் "சரிம்மா"வைத்தான் என்னால் இறக்கி வைக்க முடியவில்லை. இங்கே இதே நிலையத்தில் நீ பயிற்சி வெல்டராக இருந்தபோது நண்பனின் கல்யாணத்துக்குப் போய்விட்டு மறுநாள் காலை வேலைக்கு வந்தாய், வாசலில் மெஷினில் ஊதினாய், எண் கூடுதலாக வந்தது, பயிற்சியோடு அனுப்பிவிட்டார்கள். அன்று சாயங்காலம் உன்னிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல், அவனுக்கு வெளியே பெரிய இடத்தில் வேலை கிடைத்திருக்கிறது என்று தெருவெல்லாம் சொன்னவள் நான். சொன்னதை உண்மையாக்க நீயும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய்.

ஃபோனை வைத்ததிலிருந்து எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. கத்தரிக்கோலைத் தேடப் போய் அலமாரியைக் காலி செய்தேன், கத்தரிக்கோல் கையிலேயே இருந்தது. தூக்கம் போயே போய்விட்டது. முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு அப்பாவுக்கு டாக்டர் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார் அல்லவா, செவ்வாய்க்கிழமை அதில் பாதி, புதன்கிழமை பாதி எடுத்துப் போட்டுக்கொண்டேன். அது அப்பா பேரில் எழுதிய மாத்திரை, நான் தொடக்கூடாது, தொட்டால் நிலையத்தில் சொல்லிவிட்டுத்தான் கிரேனில் ஏறவேண்டும், இதெல்லாம் எனக்குத் தெரியாதா என்ன, வருஷா வருஷம் பாதுகாப்பு வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டுகிறவள்தானே. பாதி மாத்திரைக்கு யார் ஊரைக் கூட்டுவார்கள் என்று நினைத்தேன். அப்பாவுக்கோ மாத்திரை ஒன்று குறைவது தெரிந்துபோய், ஞாபகமறதியில் தானே இரண்டு தடவை விழுங்குகிறோம் போல என்று மனசுக்குள் கலங்கி, யாருக்கும் தெரியாமல் ஒன்றிலிருந்து நூறுவரை எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார், பாவம்.

இப்போது நிலையத்தில் பராமரிப்புக்காக உற்பத்தியை நிறுத்தியிருக்கிறார்கள். டர்பைன் கூடத்தில் மூடிகளையெல்லாம் கழற்றித் தூக்கி ஓரமாக வைக்கிற வேலை, எனக்கு இறங்கவே நேரம் கிடையாது. இருபது மீட்டர் உயரத்தில் என் கிரேன் கூண்டு, கீழே நின்று எனக்குச் சைகை காட்டுகிறவர் அதே சைகை அண்ணன்தான், நீ சின்னப் பிள்ளையில் அவர் தொப்பையில் குத்திவிட்டு ஓடுவாயே அவர்தான். அந்தத் தொப்பை இப்போது இன்னும் ஒரு சுற்றுப் பெருத்திருக்கிறது. நான் மேலேயிருந்து வாக்கிடாக்கியில், அண்ணே தொப்பையைக் கொஞ்சம் உள்ளே இழுங்க, கொக்கிக்கு வழி வேணும் என்பேன், அவர், நீ முதல்ல வாயை மூடு, காத்துல பாரம் ஆடுது என்பார். இருபத்திரண்டு வருஷமாக இப்படித்தான் டன் கணக்கில் இரும்பைத் தூக்கியிருக்கிறோம். வாக்கிடாக்கி வேலைக்கா வம்பளக்கவா என்று மேற்பார்வையாளர் எனக்கு இரண்டு தடவை எழுத்தில் கேட்டிருக்கிறார், இரண்டையும் பத்திரமாக வைத்திருக்கிறேன், வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த சான்றிதழ்கள் அவ்வளவுதான்.

அந்த வாரம் திங்களிலிருந்து வியாழன்வரை நாலு நாளும் நான் மேலேயிருந்து, ஏத்தறேன், இறக்கறேன், சரி, இந்த மூன்றைத் தவிர ஒன்றும் சொல்லவில்லையாம். எனக்குத் தெரியவே தெரியாது. வெள்ளிக்கிழமை காலை கூண்டில் ஏறி உட்கார்ந்த பத்தாவது நிமிஷம், கொக்கியைக் காலியாக நிறுத்திவிட்டுக் கீழே வா என்று மேற்பார்வையாளர் குரல். இறங்கினால் அவர் முகம் துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி இருந்தது. நடத்தையில் மாற்றம் தெரிவதாக ஒருவர் சொல்லியிருக்கிறார், சோதனைக்கு வரவேண்டும் என்றார். யார் சொன்னது என்று அவர் சொல்லவில்லை, சைகை அண்ணன் தன் ஷூவின் லேஸைப் பார்த்துக்கொண்டு நின்ற அழகிலேயே தெரிந்தது. எனக்கு வந்ததே கோபம். உன் அம்மா சிரிக்கவில்லை என்பதற்காக ஒரு புகார், உலகத்தில் எந்தக் குற்றவாளிக்காவது இப்படி ஒரு குற்றப்பத்திரிகை படித்திருப்பார்களா சொல்.

மருத்துவ அறையில் நீயும் ஒருநாள் உட்கார்ந்திருப்பாய், அதே பச்சை நாற்காலிகள். ஊதச் சொன்னார்கள், ஊதினேன், சைபர். பிறகு ஒரு நர்ஸ் பெண் படிவத்தை நீட்டினாள், சமீபத்தில் சாப்பிட்ட மருந்துகள் என்ற இடத்தில் நான் பேனாவை எடுத்து அழகான கையெழுத்தில் ஒன்றுமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஓர் எழுத்துகூடக் கோணவில்லை, அதுதான் கொடுமை. அடுத்தது சிறுநீர். பாக்கெட்டைக் காலி செய், கையைக் கழுவு, உள்ளே போ என்றாள். உள்ளே குழாயில் தண்ணீர் வராமல் டேப் ஒட்டியிருந்தார்கள், தொட்டியில் நீலச் சாயம் கலந்திருந்தார்கள், யாரும் தண்ணீரைக் கலந்து ஏமாற்றிவிடக் கூடாதாம். கதவுக்கு வெளியே அவள் நிற்கிறாள், அவள் செருப்பு தெரிகிறது. எனக்கு ஒரு சொட்டு வரவில்லை. வீட்டில் வாசல் மணி அடித்தாலே பாத்ரூமுக்கு ஓடுகிறவள், அங்கே தவம் கிடந்தேன். வெளியே வந்து, "வரலைம்மா" என்றேன். "மூணு மணி நேரம் இருக்கு, தண்ணி குடிங்க, ஆனா அளந்துதான் தருவேன்" என்றாள். மூன்று மணி நேரத்துக்குள் கொடுக்காவிட்டால் சோதனைக்கு மறுத்ததாகவே எழுதிவிடுவார்களோ என்று கேட்டேன், அது டாக்டர் பார்த்து முடிவு பண்ணுவது என்றாள், அந்தப் பதிலைக் கேட்டதும் வரவிருந்த கொஞ்சநஞ்சமும் உள்ளே போய்விட்டது. நாலு டம்ளர் குடித்தேன். உட்கார்ந்தேன், எழுந்தேன், சுவரில் இருந்த பல் விளக்கும் படத்தைப் பதினோரு தடவை படித்தேன். எங்கே நடந்தாலும் அவளும் கூடவே நடந்தாள், எனக்காக இல்லாவிட்டாலும் அவள் கால்களுக்காகவாவது வந்துவிடக் கூடாதா என்று இருந்தது.

இரண்டு மணி நேரம் ஆன பிறகு, தன் இடைவேளையில் சைகை அண்ணன் வந்து வாசலில் நின்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் உள்ளே வராமல், "கோவிச்சுக்கோ, பரவாயில்ல. ஆனா நாலு நாளா மேல இருந்து ஒரு நக்கல் வரல. மேல உக்காந்திருக்கிறது நீதானான்னே எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு" என்றார். அதுக்காகப் போட்டுக் கொடுப்பீங்களா என்று கேட்டேன். "நேத்து மூடியை இறக்கும்போது நிறுத்துன்னு சொன்னேன், நீ நிறுத்தல. ரெண்டாவது தடவை கத்தினப்புறம்தான் நின்னுச்சு. நான் ஒரு அடி பின்னால போயிட்டேன், அதனால இப்ப பேசிக்கிட்டிருக்கேன். என் தலை உன் கொக்கிக்குக் கீழ நிக்குதும்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வியாழக்கிழமை. முந்தின நாள் பாதி மாத்திரை. கண்ணா, முதல் தடவை அவர் நிறுத்து என்றது என் காதில் விழவே இல்லை. பதினெட்டு டன் மூடி.

நர்ஸ் பெண்ணிடம் படிவத்தைத் திருப்பிக் கொடு என்றேன். கையெழுத்துப் போட்டதை அடிக்கக் கூடாது, டாக்டர் முன்னால்தான் வேறு எழுதவேண்டும் என்றாள். டாக்டர் வந்தார், உன் வயசுதான் இருக்கும். மாத்திரை பெயர், எத்தனை, எந்த நாள், யாருடையது எல்லாம் சொன்னேன், எழுதினேன். ஏன் தூக்கம் வரவில்லை என்று கேட்டார். பையனுக்கு ஒரு பொய்யைச் சொல்லிக் கொடுத்துட்டேன் சார், அது தூங்கவிடல என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு ஒருமாதிரி பார்த்தார், அதையும் எழுதினாரா என்று தெரியவில்லை. "இது விதிமீறல்தான்மா. நீங்களே சொன்னீங்கன்னும் பதிவாகும். என்ன ஆகும்னு நான் இப்ப சொல்ல முடியாது" என்றார். வெளியே வந்த ஐந்தாவது நிமிஷம் எனக்கு வந்துவிட்டது, நர்ஸ் பெண் அது அப்போது வந்ததுதானா என்று புட்டியில் ஒட்டியிருந்த பட்டையில் சூட்டைப் பார்த்துவிட்டு எனக்குக் கை கொடுத்தாள். இதை வைத்து உண்மையைச் சொன்னால் உடம்பு லேசாகும் என்று கதை கட்டிவிடாதே, நாலு டம்ளர் தண்ணீர் எத்தனை நேரம்தான் உள்ளே இருக்கும்.

அன்றே வாசல் பாஸை வாங்கிக்கொண்டார்கள். இன்று ஆறாம் நாள். தெருவில் கேட்கிறவர்களிடம் லீவு என்று சொல்ல வாய் வருகிறது, முழுங்கிக்கொள்கிறேன். உன் அத்தை மட்டும் நேரில் வந்து, குடிச்சிட்டு கிரேன் ஓட்டினியாமே என்றாள், இல்லை, குடிக்காமல் ஓட்டியதுதான் பிரச்சனை என்றேன், அவள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள். ஃபோன் மணி அடித்தால் நான் ஒரு பக்கம் அப்பா ஒரு பக்கம் ஓடி நடுவில் முட்டிக்கொள்கிறோம். இத்தனை வருஷம் ஏறிய ஏணியில் இனி ஏற விடுவார்களா என்று தெரியவில்லை. கால் தன்பாட்டுக்குக் காலை ஐந்தே முக்காலுக்கு ஷூவைத் தேடுகிறது.

இவ்வளவும் உனக்குச் சொல்ல வந்ததற்கு முன்னுரை. ஞாயிற்றுக்கிழமை சைகை அண்ணன் வீட்டுக்கு வந்தார். கிரேனில் புதிதாக உட்கார்ந்திருக்கிறவன் பிறந்ததிலிருந்தே பேசமாட்டானாம், "அவன் நல்லா இருக்கானா இல்லையான்னு நான் எதை வெச்சுக் கண்டுபிடிக்கிறது" என்று புலம்பினார். பேச்சுவாக்கில் உன் படிவத்தைப் பற்றிச் சொன்னேன், நான் கொடுத்த யோசனையையும் சொன்னேன். அவர் காப்பியைக் கீழே வைத்துவிட்டு, "உன் பையன் அன்னிக்கு மாட்டினான்னா நீ நினைச்சுக்கிட்டிருக்கே?" என்றார். வாசல் வரிசையில் உனக்குப் பின்னால் அவர்தான் நின்றாராம். அன்று ஊதவேண்டியவர்கள் பட்டியலில் உன் பெயரே இல்லையாம். நீயாகக் காவலரிடம் போய், "நேத்து குடிச்சேன், இன்னும் தெளியலைன்னு தோணுது, இன்னிக்கு என்னை வெல்டிங் பிடிக்க விடாதீங்க" என்றாயாம். அதற்குப் பிறகுதான் மெஷினாம். ஆறு வருஷமா ஏன் சொல்லல என்று அவர்மேல் பாய்ந்தேன். "நீ எங்க கேட்ட? நீதான் பையன் பெரிய வேலைக்குப் போறான்னு தெருத்தெருவா சொல்லிக்கிட்டு திரிஞ்சியே. நடுவுல நான் எதைச் சொல்றது" என்றார். அவர் போன பிறகு அப்பா, நம்ம பையன்டி என்று மட்டும் சொல்லிவிட்டு மீதிக் காப்பியை அவரே குடித்துவிட்டார்.

இருபத்திமூன்று வயசில் யாரும் கேட்காமலே நீ போய்ச் சொன்ன பதிலை, இருபத்தொன்பது வயசில் உன்னிடம் கேட்கிறார்கள், நான் அதை அழித்துவிடு என்று சொல்லியிருக்கிறேன். ஃபோனில் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆமா என்று போட்டால் வேலை கிடைக்குமா போகுமா என்று எனக்குத் தெரியாது, என் ஆமாவுக்கே இன்னும் பதில் வரவில்லை. போனால் போகட்டும் என்று சுலபமாக எழுதிவிடலாம், ஆனால் நீ அந்த வேலைக்கு எத்தனை நாள் அலைந்தாய் என்று எனக்குத் தெரியும், அதனால் எழுத மாட்டேன். எதைப் போட்டாலும் உன் இஷ்டம். ஆனால் நான் சொன்னேன் என்பதற்காக இல்லை என்று போடாதே. அன்று சாயங்காலம் நீ பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தபோது நான் வந்து நின்று கேட்டிருக்க வேண்டியதை இப்போது கேட்கிறேன், அன்னிக்கு என்னடா நடந்தது? முழுசாக எழுது, எத்தனை பக்கமானாலும் படிக்கிறேன், எனக்கு இப்போது நேரம்தான் இருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு, வெல்டிங் கண்ணாடியில் கீறல் விழுந்தால் சிக்கனம் பார்க்காமல் மாற்று. உன் கைக்கும் கண்ணுக்கும் ஒரு குறையும் வராமல், உன்னோடு வேலை பார்க்கிறவர்கள் உன்னை நம்பி உன் பக்கத்தில் நிற்கும்படி, நீ நன்றாக இருக்கவேண்டும் என்று அப்பாவும் நானும் வாழ்த்துகிறோம். மறந்துவிடாதே, படிவத்தை மாசக் கடைசிக்குள் அனுப்பவேண்டும். அந்தக் கேள்விக்குக் கீழே விவரம் எழுத இரண்டு வரிதான் இடம் விட்டிருப்பார்கள், நீ அன்று நடந்ததை எழுத அது போதாது, தனித்தாள் வைத்து எழுது.

இப்படிக்கு,
பாஸ் கையில் இல்லாத
உன் அம்மா